வெள்ளவத்தையில் ஒரு விக் கடை: பொருத்தம் நல்லது, விபரம் போதாது

அக்காவுக்கு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ தொடங்கி முடி கொட்டினதும், காலி வீதியோரம் மாடியில் இருக்கிற ஒரு கடையில் விக் எடுத்தோம். கடையின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதல்ல.

பொருத்துவதற்குத் திரை போட்ட தனி அறை இருக்கிறது. ஒரு பெண்பிள்ளைதான் பார்க்கிறா. அக்காவின் தலைத்துணியை அவிழ்க்க முதல், "அன்ரி, கதவைப் பூட்டட்டா?" என்று கேட்டா. அக்காவின் பயம் அதோடு பாதி போனது. நெற்றியோரம் ஒவ்வொரு முடியாக வலையில் கையால் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். வகிடு அசல் போலவே விழும். கொழும்பு வெக்கைக்கு உள்ளே பருத்தித் தொப்பி போடாமல் தாங்காது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

விலை கொடுக்க முதல் ஒரு முடியை இரண்டு விரலுக்குள் பிடித்து, வேரிலிருந்து நுனிக்கும் பிறகு நுனியிலிருந்து வேருக்கும் உருவிப் பாருங்கள். திரும்பி வரும்போது சொரசொரத்தால் முடியின் மேற்செதில் அழியவில்லை. வேரெல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கிய இந்த முடியைத்தான் ‘ரெமி’ என்று விற்கிறார்கள். சீப்பில் கழிந்து, வீடு வீடாகச் சேர்த்த முடியில் வேரும் நுனியும் கலந்திருக்கும். அதை அமிலத்தில் போட்டுச் செதிலை எடுத்து, சிலிக்கோன் பூசிப் பளபளக்க வைப்பார்கள். கழுவக் கழுவப் பூச்சுப் போய்ச் சிக்குப் பிடிக்கும்.

எங்களுக்குக் கிடைத்தது ரெமி. யாரோ ஒருத்தியின் தலையிலிருந்து நேரே எடுத்த முடி. அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி, "இது ஆற்ற தலைமுடி?" என்றா. நான் கடைக்காரரிடம் கேட்டேன். "இந்தியன் ஹெயார் மிஸ், சைனாவில செய்து வாறது." இந்தியாவில் எவ்விடம், கோயில் முடியா, காசுக்கு வாங்கினதா? பக்கெற்றில் ‘100% ஹியூமன் ஹெயார்’ என்று மட்டும் இருந்தது.

திருப்பதியில் இறக்குகிற முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. நேர்த்திக்கு விரும்பிக் கொடுத்தது, காசும் கோயிலுக்குத்தான் போகிறது. 2004இல், அந்த முடி வேற்றுத் தெய்வத்துக்குப் படைத்தது என்று யூத மதகுருமார் தடை சொல்ல, கலியாணமான பெண்கள் விக்கால் தலைமுடியை மறைக்கிற வழக்கமுள்ள வைதிக யூதர்கள் நியூயோர்க்கில் தங்கள் விக்குகளை வீதியில் போட்டு எரித்தார்கள். அவர்கள் நம்பிக்கை வேறு, ஆனால் தலையில் வைப்பது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்களே, அதை மதிக்கிறேன். 2020இல் சீனாவின் சின்ஜியாங்கிலிருந்து போன 13 தொன் முடிப் பொருட்களை அமெரிக்கச் சுங்கம் மறித்தது, கட்டாய உழைப்பில் வந்தது என்ற சந்தேகத்தில். அப்படியான முடி எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கேள்வியும்.

முடியை விற்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சிறுநீரகம் போலில்லை, திரும்ப வளரும். ஆனால் வளரும்தானே என்று சொல்லி, வீட்டில் அடுப்பெரியாத ஒருத்தியிடம் சில்லறைக்கு வெட்டி எடுப்பதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியாது. எங்களிடம் 85,000 ரூபாய் வாங்கினார்கள். அதில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. கேட்டவுடன் பேச்சை மாற்றி ஷாம்பு காட்டினார். எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான்.

அங்கே செயற்கை நார் விக்கும் இருக்கிறது, விலை கனக்கக் குறைவு. அடுப்புச் சூடு பட்டால் சுருண்டுவிடும் என்பதால் சமைக்கும்போது கழற்ற வேண்டும். இன்னொன்று எடுக்க வேண்டி வந்தால் அதையே எடுப்போம் என்று அக்கா சொல்லிவிட்டா.

பொருத்திய பிள்ளைக்கு ஐந்துக்கு ஐந்து, கடைக்கு மூன்று. முடி வந்த இடத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருகிற கடை கொழும்பில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மகரகமவில் அக்காவோடு வரிசையில் இருக்கிற மற்றப் பெண்களும் கேட்கிறார்கள்.