மூன்று பெட்டிகளும் ஓர் அரிசி ஆலையும்: வன்னி வீட்டுக்கு எந்தக் கேமிங் கணினி?

மருமகன் உயர்தரப் பரீட்சை முடிந்த மறுநாளே கொப்பித் தாளில் எழுதிய பட்டியலோடு என் வீட்டு வாசலில் நின்றான். கையில் ஓர் இலட்சத்து இருபதாயிரம் ரூபாய். பாதி அவனுடைய அம்மாவின் சீட்டுக் காசு, மீதி கனடாவில் இருக்கும் பெரியப்பா அனுப்பியது. திரையும் விசைப்பலகையும் வீட்டில் இருக்கின்றன, பெட்டி மட்டும் வேண்டும். வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 மூன்று விளையாட்டுகளும் ஓட வேண்டும். "நீங்கள் சொன்னால்தான் அம்மா சம்மதிப்பார், மாமா" என்றான்.

பட்டியலில் மூன்று பெட்டிகள் இருந்தன. முதலாவது, அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050. ஐ5-6500 செயலி, அதோடு திரைக்குப் படம் வரைந்து தரும் பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட் ஒன்று. இரண்டாவது, புதிய உதிரிகளை வாங்கிப் பூட்டும் ரைசன் 5 5600ஜி. இதில் தனிக் கார்ட் கிடையாது, செயலிக்குள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸ்தான். மூன்றாவது, கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கு விசிறிகளுமாக ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்த 'கேமிங் பிசி'. உள்ளே 2013ஆம் ஆண்டின் ஐ7-4770, கூடவே ஆர்எக்ஸ் 580 என்ற 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட். மருமகனின் மனம் எதில் என்று கேட்கவே தேவையில்லை. மூன்றாவதைச் சுற்றி இரண்டு முறை பேனாவால் வட்டம் போட்டிருந்தான்.

திரையில் ஒரு நொடிக்கு ஓடும் படங்களை, அதாவது பிரேம்களை மட்டும் எண்ணினால் அவன் வட்டம் சரியானதுதான். மூன்றில் பலம் கூடிய கார்ட் ஆர்எக்ஸ் 580. ஜிடிஏ 5-ஐ 1080பியில், தரத்தைக் கூட்டி வைத்துக்கொண்டே 60 பிரேமுக்கு மேல் ஓட்டும். 1650 அதற்குச் சற்றுப் பின்னால் நிற்கும். அதன் 4 ஜிபி நினைவகம் புதிய விளையாட்டுகளில் சீக்கிரம் நிரம்பிவிடும். 5600ஜியில் ஜிடிஏவின் புல்லையும் நிழலையும் இறக்கி வைக்க வேண்டும், இறக்கினால் ஓடும். வாலரன்ட் சாதாரணக் கணினிகளையும் மனதில் வைத்துச் செய்யப்பட்ட விளையாட்டு. பலத்தை மட்டும் பார்த்தால் அது மூன்று பெட்டியிலும் தடங்கலில்லாமல் ஓடும். போட்டியாக ஆடுகிறவர்கள் எப்படியும் தரத்தைக் குறைத்து வைத்துத்தான் ஆடுகிறார்கள். ஆகவே ஜிடிஏ 5, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டிலும்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 2017இல் வந்த இந்தக் கார்ட்டை எதீரியம் என்ற எண்ம நாணயத்தைக் கணினிக் கணக்கால் 'தோண்டி' எடுக்கிறவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் அந்த முறையையே கைவிட்டது. தோண்டி முடிந்த கார்ட்கள் உலகச் சந்தைக்கு அள்ளுண்டு வந்தன. இரண்டு வருடங்களுக்கு முன் நானே ஒன்றை வாங்கி ஏமாந்தேன். விற்றவர் 'வீட்டுப் பாவனை' என்றார். திறந்து பார்த்தால் நினைவகச் சில்லுகளின் மேலிருந்த வெப்பத் திண்டுகள் உருகி, எண்ணெய் வழிந்து பலகையில் பிசுபிசுத்திருந்தது. விசிறியை விரலால் தட்டினேன். அரைச் சுற்றுச் சுற்றிவிட்டுக் கரகரத்து நின்றது. நான்கு மாதத்தில் திரை முழுக்கப் பச்சைப் புள்ளி. இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அசல் 580இல் படத்தைக் கணக்கிடும் ஷேடர் என்ற சிறு அலகுகள் 2304. '2048எஸ்பி' என்ற வாலோடு விற்கப்படுவது பெயரில் 580, பலத்தில் 570. வாங்குமுன் ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருளை ஓட்டி அந்த எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாக் கார்ட்டும் அப்படியில்லை, நல்லதாகவும் அமையலாம். ஆனால் அப்போதும் எனக்கு அந்தப் பெட்டி வேண்டாம். அதற்குக் காரணம் அக்கா வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கும் அரிசி ஆலை.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் உள்ளே போனால் வருகிற ஊர் அவர்களுடையது. மாலையில் ஆலை மோட்டார் தொடங்கும் கணத்தில் அக்கா வீட்டு மின்குமிழ் ஒருமுறை மங்கி எழும். சிறுபோகக் காலத்தில் தோட்டத்து நீர்ப்பம்பிகளும் சேர்ந்துகொள்ளும். இங்கே யுபிஎஸ், அதாவது மின்சாரம் போனதும் சற்று நேரம் கணினியைத் தாங்கும் பற்றரிப் பெட்டி, இல்லாமல் கணினி வாங்குவது குடையில்லாமல் மார்கழியில் கிளம்புவது போன்றது. அவர்களிடம் இருப்பது 650 விஏ யுபிஎஸ். அந்த அளவு யுபிஎஸ் ஏறத்தாழ 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும், அதுவும் பற்றரி புதிதாக இருக்கும்போது. ஆர்எக்ஸ் 580 தனியே 185 வாட் கேட்கும். ஐ7-4770 இன்னொரு 84. விசிறி, மதர்போர்ட், திரை எல்லாம் சேர்ந்தால் 300 வாட்டைத் தொட்டுவிடும். இரண்டு வருடப் பற்றரியுள்ள யுபிஎஸ் அந்தச் சுமையில் மின்சாரம் போனதும் 'டிக்' என்ற ஒலியோடு தானும் அணைந்துவிடும். 5600ஜிப் பெட்டி முழு வேகத்தில் ஓடினாலும் 100 வாட் சுற்றுவட்டாரத்தில்தான் நிற்கும். மின்தடை வந்தால் ஆட்டத்தை முடித்து, ஒழுங்காக அணைத்துவிட்டு எழும்ப நேரம் கிடைக்கும்.

மின்கட்டணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் இடையில் 200 வாட் வித்தியாசம் என்றால், நாளுக்கு மூன்று மணி நேரம், மாதம் முப்பது நாள்: 18 அலகு. நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 அலகுக்குள் நிற்கும் வீடு அந்தக் கோட்டைத் தாண்டினால் கணக்கே வேறு. அக்கா வீட்டு மின்கட்டணப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன், சென்ற மாதம் 54 அலகு. மருமகனின் பேனா வட்டம் சற்று மங்கியது அப்போதுதான்.

ஆப்டிபிளெக்ஸை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். இந்த வகை அலுவலகக் கணினிகள் உறுதியானவை. நினைவகம், எஸ்எஸ்டி எல்லாம் பூட்டியபடி வரும். 2025 கடைசியிலிருந்து நினைவகத்தின் விலை தலைதெறிக்க ஏறியிருக்கும் இந்தக் காலத்தில் அதுவே பெரிய லாபம். ஆனால் பெட்டியின் உருவத்தைப் பார்க்க வேண்டும். ஒல்லி உருவமான எஸ்எஃப்எஃப் என்றால் உயரம் குறைந்த கார்ட் மட்டுமே உள்ளே போகும், அது தேடினால்தான் கிடைக்கும். கோபுர உருவத்தில் இடம் தாராளம். ஆனால் பவர் சப்ளை 240 வாட், மதர்போர்டோடு சேரும் இணைப்பும் டெல்லுக்கே உரியது. அது எரிந்தால் கிளிநொச்சியில் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் சாதாரண பவர் சப்ளையைத்தான் நீட்டுவார்கள், அது நேரே பொருந்தாது. 1650 வாங்கும்போதும் தனி மின்கம்பி கேட்காத, 75 வாட்டைப் பொருத்துதுளையிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த தலைவலி விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பொதுவாக முறைப்படி ஏற்பதில்லை. ஐ5-6500 ஆறாம் தலைமுறை, ஐ7-4770 நான்காம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றலாம், பலர் ஏற்றுகிறார்கள். ஆனால் விண்டோஸ் 11இல் வாலரன்ட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் 'செக்யூர் பூட்' வசதியும் இல்லாமல் திறக்காது. நான்காம் தலைமுறைப் பெட்டி பெரும்பாலும் அந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். மருமகன் முதன்மையாக ஆடப்போவதே வாலரன்ட்தான்.

இப்படிப் போக மிஞ்சியது 5600ஜி. 2021இல் வந்த செயலி, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். குறை இல்லாததல்ல. இதே குடும்பத்து 5600-க்கு 32 எம்பி கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இருக்க, இதற்கு 16 எம்பிதான். பின்னர் நல்ல கார்ட் பூட்டினாலும் 5600 அளவுக்கு ஓடாது. கார்ட்டோடு பேசும் பிசிஐஇ பாதையும் 3.0-க்கு மேல் போகாது. வேகா கிராபிக்ஸுக்கும் ஆர்எக்ஸ் 580-க்கும் அவற்றைச் செய்யும் ஏஎம்டி நிறுவனம் 2023 கடைசியிலேயே அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர்களைத் தனிக் கிளைக்கு ஒதுக்கிவிட்டது, புதிய வசதிகள் இனி வரா. 2024இல் வந்த 8600ஜி செயலி கிராபிக்ஸில் இதைத் தாண்டிவிடும். ஆனால் அதற்கு டிடிஆர்5 நினைவகமும் புது மதர்போர்டும் வேண்டும். நினைவகத்தின் இன்றைய விலையில் அது நம் தொகைக்குள் அடங்கவில்லை. ஐ3-12100எஃப் செயலியோடு ஆர்எக்ஸ் 6600 என்ற இணையையும் விசாரித்தேன். மூன்று பெட்டியையும் விட நன்றாக ஆடும், காசுதான் எட்டவில்லை.

5600ஜி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது நினைவகத்தில்தான். செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, கணினியின் நினைவகத்தையே கடன் வாங்கும். 16 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டால் பாதை ஒன்று. 8 ஜிபி துண்டுகள் இரண்டாகப் போட்டால் பாதை இரண்டு. ஒற்றைத் துண்டில் பிரேம்கள் கண்கூடாக விழும். கடையில் ஒற்றைத் துண்டைச் செருகிவிட்டு 'பிறகு கூட்டலாம்' என்பார்கள். நிற்க வைத்து இரண்டாகப் போடச் சொல்லுங்கள். 3200 வேகமா என்றும் உறையில் பாருங்கள். மதர்போர்டில் மிச்சம் பிடித்தாலும் நினைவகத்தில் பிடிக்க வேண்டாம்.

ஆகவே அக்காவிடம் இரண்டாவது பெட்டியையே சொன்னேன். 500 வாட் பவர் சப்ளை ஒன்றை இப்போதே போட்டுவிட்டால், அடுத்த வருடம் கார்ட் பூட்டும்போது எதையும் கழற்ற வேண்டியதில்லை. அறுபது எழுபதாயிரம்தான் கையில் இருக்கிறது, வாலரன்ட்டும் முக்கியமில்லை என்பவருக்கு நான் ஆப்டிபிளெக்ஸ் கோபுரத்தையே சொல்வேன், யோசிக்க மாட்டேன்.

கண்ணாடிக் கதவுப் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. முன்பக்கம் முழுதும் கண்ணாடி என்றால் காற்று எங்கே போகும்? ஆவணியில் தகரக் கூரையின் கீழ் நடுப்பகலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வலை முகப்புள்ள கேஸ் வாங்கினோம். பின்புறத்தில் தகடு கழன்ற இடைவெளிகளை மூடிவிட்டேன். அக்கா வீட்டுப் பழைய கணினியின் பவர் சப்ளைக்குள் பல்லி முட்டை ஐந்து இருந்தது. எரிந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று தேடித்தான் கண்டுபிடித்தோம்.

உதிரிகளை மருமகனும் நானும் கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கினோம், பூட்டியது வீட்டில். கடையிலேயே பூட்டித் தருவதாகச் சொன்னார்கள். இரவு பஸ்ஸின் பொதி அறையில், ஏ9 வீதியில் விடிய விடியக் குலுங்கி வரும் பெட்டிக்குள் செயலிக் குளிர்விப்பான் ஆடிக் கழன்றுவிடும் என்பதால் மறுத்துவிட்டேன். கேஸ் கீழே போனது. மதர்போர்ட், செயலி, நினைவகம் மூன்றும் அவற்றின் அட்டைப் பெட்டியிலேயே மருமகனின் மடியில் வந்தன. வவுனியா தாண்டித் தேநீருக்கு நிறுத்தியபோதும் அவன் இறங்கவில்லை. நான்தான் பிளேன்டீயும் வடையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.