பல்லி சொன்ன பலன்: மொரிஸ் மைனரும் பெற்றோல் மணமும்

எங்கள் மொரிஸ் மைனரின் பின் இருக்கையில் ஏறியதும் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். பழைய கார் என்றால் மணக்கத்தான் செய்யும் என்று பல வருடங்கள் சொல்லித் தப்பித்துவந்தேன். 2022இல் அந்தச் சாக்கு எடுபடவில்லை. இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். முறையில் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம் அது. வரிசையில் காய்ந்து வாங்கிய பெற்றோல், முற்றத்தில் சும்மா நிற்கும் காரிலிருந்து குறைந்துகொண்டே போனால் யாருக்குப் பொறுக்கும்?

கார் 1961ஆம் ஆண்டு மொடல். 948 சி.சி. எஞ்சின், ஆறரைக் கலன் பெற்றோல் தாங்கி. நம் கணக்கில் ஏறத்தாழ 29 லீற்றர். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தின் மற்றப் பழைய கார்களைப்போல இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டால், பிறகு புகையைக் கக்கிக்கொண்டு மண்ணெண்ணெயிலேயே போகும். அந்தக் காலத்தையே தாண்டிவந்த கார் ஒரு மணத்துக்கா அசரப்போகிறது என்பது அப்பாவின் கட்சி.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. இரவு முழுவதும் பழைய பத்திரிகைத்தாள் விரித்துவைத்தேன். காலையில் அதில் எஞ்சின் ஒயில் மட்டும்தான் இருந்தது. தாங்கியின் விளிம்பிலும் குழாய் மூட்டுகளிலும் வெண்கட்டியைத் தேய்த்துவிட்டேன். பெற்றோல் ஊறினால் கறை காட்டிக்கொடுக்கும். அதுவும் வெள்ளையாகவே இருந்தது.

துப்புக் கிடைத்தது இடத்தில் அல்ல, நேரத்தில். பெற்றோல் நிரப்பிய அன்று, அதுவும் மத்தியானத்தில்தான் மணம் தூக்கலாக இருந்தது. அரைத் தாங்கிக்குக் கீழே இறங்கினால் இல்லை. நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெற்றோல் வெயிலில் விரியும். ஒரு பாகை சூடு கூடினால் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 29 லீற்றர் 15 பாகை சூடேறினால் 400 மில்லிலீற்றருக்கு மேல் கூடும். விளிம்புவரை நிரப்பிய தாங்கியில் அது எங்கே போகும்? மேலேதான் வழி தேடும்.

டிக்கியில் உதிரிச் சில்லை எடுத்துவிட்டுப் பார்த்தபோது விடை தெரிந்தது. அளவுமானியின் மிதவையைத் தாங்கியின் மேற்புறத்தில் ஆறு திருகாணிகள் பிடித்திருக்கின்றன. அவற்றின் கீழிருந்த கோர்க் வாசர் காய்ந்து, வெடித்து, விரல் பட்டதும் விபூதிபோல உதிர்ந்தது. சுற்றியிருந்த தூசு மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது. மேலே கசிந்தது நிலத்தில் சொட்டுமுன் ஆவியாகி, டிக்கி வழியாக அம்மாவின் மூக்குக்குப் போயிருக்கிறது. கோர்க் தாள் வாங்கிப் புதிய வாசர் வெட்டிப் போட்டேன். மணம் நின்றது. அம்மா தலைப்பை இறக்கினார். நானும் ஏதோ சாதித்த மிதப்பில் இருந்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, கிளிநொச்சிக்குப் போகும் வழியில், கொடிகாமத்தை நெருங்கும்போது கார் இரண்டு முறை இழுத்து உதறிவிட்டு நின்றது. அரை மணிநேரம் மரநிழலில் நின்றோம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் எழும்பியது. அடுத்த பயணத்திலும் அதே கதை. சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி அடைக்கிறது என்றார் ஒருவர். குழாய்க்கு ஈரத்துணி சுற்றினேன். பம்பில் பிழை என்றார் இன்னொருவர். பம்பைக் கழற்றி மின்முனைகளைத் துலக்கினோம். காபரேற்றருக்குப் போகும் குழாயைப் போத்தலுக்குள் விட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் அரை லீற்றர் கொட்டியது. பம்பில் குறையே இல்லை. அப்படியிருந்தும் புதுப் பம்பு வாங்கினேன். அந்தக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசியில் கோண்டாவிலில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. “கார் நின்றதும் பெற்றோல் மூடியைத் திறந்து பார்த்தீரா, தம்பி?” என்றார். “இல்லை ஐயா.” “வாரும், ஓட்டிப் பார்ப்போம்.” சாவகச்சேரி தாண்டிக் கார் உதறத் தொடங்கியதும் ஓரங்கட்டச் சொன்னார். திறப்பைப் போட்டு மூடியைத் திருகினேன். ‘உஸ்’ என்று வெளிக்காற்றை உள்ளே இழுத்தது தாங்கி. உடனே கார் புறப்பட்டது.

குற்றவாளி நான் வாங்கிய மூடி. தட்டுப்பாட்டில் பெற்றோலைக் களவாக உறிஞ்சுகிறார்கள் என்ற பயத்தில், பூட்டுள்ள மூடி ஒன்றைப் போட்டிருந்தேன். பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் காற்றுப் போகவேண்டும், இல்லாவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. மைனரின் தாங்கிக்கு அந்த மூச்சே மூடி வழியாகத்தான். அசல் மூடியில் காற்றுக்கு வழி உண்டு, நான் வாங்கியதில் இல்லை. அப்படியானால் மாதக்கணக்கில் அந்த மூடியோடு கார் எப்படி ஓடியது? உடைந்த வாசர் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு! கசிவை அடைத்தபோது மூக்கையும் சேர்த்து அடைத்துவிட்டேன்.

இத்தனைக்கும் பம்பு ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் பல்லி சாத்திரம் தெரியவில்லை. முன்பக்கத்தில் இருக்கும் எஸ்.யு. நிறுவன மின்பம்பு பல்லிபோல ‘டிக், டிக்’ என்று அடிக்கும். திறப்பைத் திருப்பியதும் சடசடவென அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் அடங்கினால் சுகம். எஞ்சின் ஓடாதபோதும் விட்டு விட்டு அடித்தால், பம்புக்கு அப்பால் கசிகிறது, அல்லது காபரேற்றருக்குள் இருக்கும் மிதவை ஊசி சரியாக அடைக்கவில்லை. ஓயாமல் வேகமாக அடித்தும் பெற்றோல் வராவிட்டால் காற்றை இழுக்கிறது. தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் ஊசித்துளை இருந்தால், ஓடும்போது பெற்றோல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை. அடி இழுபட்டு, பம்பும் சுட்டால், இழுக்கும் பக்கம் அடைபட்டிருக்கிறது. அந்த நிலையில் திறப்பைப் போட்டபடி விட்டால் பம்பின் சுருள் கருகிவிடும். கொடிகாமத்தில் நான் கேட்டது அந்த இழுபட்ட அடியைத்தான்.

தாங்கியிலேயே துளை விழுந்தவர்களுக்கு ஒரு சொல்: சவர்க்காரக் கட்டியை அழுத்தித் தேய்த்தால் வீடுவரை வந்து சேரலாம், அதற்குமேல் நம்பக் கூடாது. வெறும் தாங்கிதானே என்று எவரையும் நெருப்போடு கிட்டே விடாதீர்கள். நிறைந்த தாங்கியைவிட ஆவி நிறைந்த வெறுந்தாங்கி பொல்லாதது.

பழைய அசல் மூடியையே தேடிப் போட்டுவிட்டேன். பூட்டு மூடி மேசையில் தாள்களுக்குப் பாரமாக இருக்கிறது. 22 லீற்றருக்கு மேல் நிரப்புவதில்லை. வாசர் மாற்றும்போது மிதவையின் கம்பியை வளைத்துவிட்டேன் போலும், தாங்கி வெறுமையானாலும் முள் கால்பங்கு காட்டுகிறது. அதைத் திருத்துவதென்றால் அந்த ஆறு திருகாணிகளையும் மறுபடி கழற்ற வேண்டும். கழற்றுவதாக இல்லை, மனக்கணக்கில் கால்பங்கைக் கழித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.