நுனிக்காலில் நடக்கும் பிள்ளை: காத்திருப்பதா, கட்டுப் போடுவதா?

குளித்துவிட்டு ஓடிவரும் என் மகனின் ஈரத்தடங்களை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். குளியலறை வாசலிலிருந்து பீரோ வரை, சிவப்பு சிமென்ட் தரையில் ஐந்து விரலும் முன்பாதமும் மட்டும் பதிந்திருக்கும். குதிகால் இருக்காது. அவன் செருப்பும் அப்படித்தான். முன்பக்கம் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும், பின்பக்கம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும்.

இதற்கு என்ன செய்வது என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். "விடும்மா, இவன் சித்தப்பாவும் அஞ்சு வயசு வரைக்கும் இப்படித்தான் நடந்தான்" என்றார் மாமியார். பயிற்சி கொடு என்றார் ஒருவர். ஷூ போடு, ஸ்ப்ளின்ட் மாட்டு, மாவுக்கட்டுப் போடு, ஊசி போடு, ஆபரேஷன் செய் என்று வரிசையாக வந்தது. இதில் பாதிக்கு மேல் நாங்களே செய்து பார்த்துவிட்டோம். எது யாருக்குப் பொருந்தும், எதில் நேரமும் பணமும் வீணாகும் என்பதை அந்த அனுபவத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடை பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்து வைத்தியத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முழங்காலை நீட்டி வைத்தபோது கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்ற ஒரே ஒரு அளவுதான் முடிவு செய்ய வேண்டும். இது தெரியாமல் நான் ஒன்றரை வருடத்தை விட்டேன்.

அளவு இதுதான். பிள்ளையை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை நேராக நீட்டி, பாதத்தை மெதுவாக முகத்தை நோக்கி மடக்க வேண்டும். காலும் பாதமும் செங்கோணத்தில் நிற்பது பூஜ்ஜியம். அதைத் தாண்டி இன்னும் பத்து டிகிரியாவது மடங்கினால்தான் குதிகாலை ஊன்றிச் சிரமமில்லாமல் நடக்க முடியும். செங்கோணத்துக்கே வரவில்லை என்றால் ஆடுசதை சுருங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு முழங்காலை மடக்கி வைத்து அதே அளவை மறுபடி எடுப்பார்கள். மடக்கினால் பாதம் தளர்ந்து வருகிறது என்றால், முழங்காலைத் தாண்டிப் போகும் மேல்சதைதான் இறுகியிருக்கிறது. மடக்கினாலும் வரவில்லை என்றால் உள்சதையோ குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாரோ சேர்ந்து இறுகிவிட்டது. இதற்கு சில்ஃபர்ஷோல்ட் சோதனை என்று பெயர்.

நான் ஏமாந்தது இங்கேதான். என் பிள்ளை குதிகாலை ஊன்றி நன்றாகக் குந்தி உட்காருவான். குந்தியபடியே மணிக்கணக்கில் கோலி உருட்டுவான். குந்த முடிகிறதே, கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். குந்தும்போது முழங்கால் மடங்கிவிடுவதால் மேல்சதைக்கு இழுப்பே இல்லை. நீட்டி வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இன்னொன்றையும் வைத்தியங்களை ஒப்பிடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். நுனிக்கால் நடைக்குப் பின்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். ஒரு காலில் மட்டும் இப்படி நடப்பது, நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று இப்படி மாறுவது, கால் விறைப்பாக இருப்பது, அடிக்கடி விழுவது, வந்த பேச்சு குறைவது, இவை எதுவானாலும் காத்திருக்கக் கூடாது. ஆண் பிள்ளை தரையிலிருந்து எழும்போது தன் தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறுகிறான், ஆடுசதை வழக்கத்தைவிடப் பருத்திருக்கிறது என்றால் தசைச்சிதைவு நோயா என்று பார்க்க சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இந்த நடை கூடுதலாகக் காணப்படுவது உண்மை. அதற்காக இந்த நடை மட்டுமே ஆட்டிசத்தின் அடையாளம் ஆகிவிடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இரவில் செல்போனில் தேடித் தேடி அழுத தாய்மார்களில் நானும் ஒருத்தி. அந்த நேரத்தில் ஒரு குழந்தை மருத்துவரைப் பார்த்திருக்கலாம்.

இதெல்லாம் இல்லை, காரணம் ஒன்றும் தெரியவில்லை, வழக்கமாகிவிட்ட நடைதான் என்று முடிவானால், கீழே வருவதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

முதலில் காத்திருப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க வேண்டாம். நடை பழகும் வயதில் நுனிக்காலில் நடப்பது சகஜம். மூன்று வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஸ்வீடனின் பிளேக்கிங்கே பகுதியில் ஐந்தரை வயதுப் பிள்ளைகள் 1,436 பேரைப் பார்த்தார்கள். அதற்குள் எந்த வயதிலாவது நுனிக்காலில் நடந்தவர்கள் மொத்தம் 4.9 சதவீதம். ஐந்தரை வயதிலும் அப்படியே நடந்தவர்கள் 2.1 சதவீதம்தான். அந்த 4.9 சதவீதப் பிள்ளைகளில் வேறு வளர்ச்சிக் குறைபாடு இல்லாதவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பத்து வயதில் ஏறக்குறைய 79 சதவீதம் பேர் அந்த நடையை விட்டிருந்தார்கள். மாமியார் சொன்னதில் நியாயம் இருந்தது என்று பிற்பாடுதான் புரிந்தது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வருவதும் உண்டு.

ஆனால் கணுக்கால் தாராளமாக மடங்கும் பிள்ளைக்குத்தான் காத்திருப்பது பொருந்தும். நாள் முழுக்கக் குதிகால் தரையைத் தொடாவிட்டால் ஆடுசதை நீளவே வாய்ப்பில்லை. எலும்போ வளர்ந்துகொண்டே போகும். அதனால் காத்திருப்பதென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். அளவெடுக்காமல் இருந்துவிட்டதற்குத்தான் நான் இன்னும் வருந்துகிறேன்.

காத்திருக்கும் காலத்தில் உட்கார்ந்து தள்ளும் பிளாஸ்டிக் வாக்கரை எடுத்துவிடுங்கள். அதில் பிள்ளையின் கால் தரையில் எட்டியும் எட்டாமலும் இருக்கும், நுனிவிரலால்தான் உந்தும். அதுதான் இந்த நடைக்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படியில் உருண்டு விழும் ஆபத்துக்காகவே கனடா 2004-இல் அதைத் தடை செய்துவிட்டது. பக்கத்தில் நம் மர நடைவண்டியை வைத்துப் பாருங்கள். பிள்ளை தன் எடையைத் தன் காலில் தாங்கி, பின்னால் நின்று தள்ளுகிறது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் நடைவண்டி என்பேன்.

அடுத்தது திட்டுவது. எந்த டாக்டரும் எழுதித் தராத வைத்தியம் இது, ஆனால் எல்லா வீட்டிலும் நடக்கிறது. "குதிகாலை வை" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. சொன்னால் பத்து அடி ஒழுங்காக நடப்பான், பதினோராவது அடியில் எக்கிவிடுவான். அப்புறம் நான் இருக்கும் அறைக்குள் வருவதற்கே தயங்க ஆரம்பித்தான். அன்றைக்கு நிறுத்தினேன். இதற்குப் பதிலாக ஒரு பிசியோ சொன்னது பீப்பீ சத்தம் போடும் செருப்பு. அந்தப் பீப்பீ குதிகால் பக்கம்தான் இருக்கிறது, குதிகாலை அழுத்தினால்தான் கத்தும். தெருவில் மற்றப் பிள்ளைகளின் செருப்பு கத்தும்போது தன்னுடையது கத்தவில்லையே என்று அவனே காலை ஊன்றிப் பார்த்தான். சதை இறுகியிருந்தால் இதனால் பயனில்லை. இறுகாத, பழக்கமாகிவிட்ட நடைக்குத் திட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சரி, பயிற்சி. கணுக்கால் செங்கோணத்தைத் தாண்டுகிறது, ஆனால் பத்து டிகிரி வரவில்லை என்ற நடுநிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் தேர்வு என்பேன். செலவு குறைவு, வலி கிடையாது. கஷ்டமெல்லாம் பெற்றவர்களுக்குத்தான், ஏனென்றால் தினமும் செய்ய வேண்டும். முழங்கால் நேராக இருக்கும்படி வைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தின் அடிப்பக்கம் நம் முன்கையில் படும்படி சாய்த்து, அரை நிமிடம் பிடிக்க வேண்டும். காலுக்கு நாலைந்து முறை, காலையிலும் இரவிலும். முன்பாதத்தை மட்டும் பிடித்து அழுத்தினால் பாதத்தின் வளைவுதான் தட்டையாகும், குதிகால் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தத் தப்பை நான் மூன்று மாதம் செய்தேன். பிசியோ என் கையைப் பிடித்து மாற்றிவைத்த பிறகுதான் சதை இழுபடுவதை என் கையிலேயே உணர்ந்தேன். தூங்குவதற்கு முன் கதை சொல்லிக்கொண்டே செய்தால் எளிது.

இழுத்துவிடுவதோடு விளையாட்டும் சேர வேண்டும். குதிகாலை மட்டும் ஊன்றி விரல்களைத் தூக்கி நடப்பது, சரிவான இடத்தில் ஏறுவது, கடற்கரை மணலில் நடப்பது எல்லாம் நல்லது. மகளாக இருந்தாலும் மகனாக இருந்தாலும் பரதநாட்டிய வகுப்பில் சேர்க்கலாம். தட்டடவில் முழுப்பாதமும் தரையில் அறைய வேண்டும். குதித்து மெட்டடவில் நுனிக்காலில் குதித்த கையோடு குதிகாலைத் தட்ட வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குக் கைவராத அசைவே அதுதான். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து என் மகனும் கூடத்தில் தட்டிக்கொண்டிருப்பான்.

ஷூவும் ஸ்ப்ளின்ட்டும் பார்க்க ஒரே வகை மாதிரி இருக்கும், ஆனால் இரண்டும் வேறு வேறு. கணுக்காலை மூடும் கனமான ஷூவை ஒருவர் எழுதித் தந்தார், நல்ல விலை. ஆறு மாதம் கழித்து உள்ளே இருந்த அட்டையை உருவிப் பார்த்தேன். முன்பாதி கறுத்துக் குழிந்திருந்தது, குதிகால் பகுதி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஷூவுக்குள்ளேயே எக்கி நின்றிருக்கிறான்! ஏ.எஃப்.ஓ. என்று சொல்லும் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் கணுக்காலைச் செங்கோணத்தில் பூட்டிவிடுவதால் அதில் எக்க முடியாது. சரி, அதுவே போதுமா என்றால், அமெரிக்காவில் 18 பிள்ளைகளை வைத்து 2016-இல் வந்த ஓர் ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. ஸ்ப்ளின்ட் மாட்டியிருக்கும்வரை நடை நன்றாக இருந்தது, கழற்றியதும் பழையபடி ஆனது. ஷூவுக்குள் வைக்கும் விறைப்பான பாதத்தகடு அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தவில்லை, ஆனால் கழற்றிய பிறகும் முன்னேற்றம் ஓரளவு தங்கியது. சின்ன ஆய்வுதான். என்றாலும் எங்கள் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. அதனால் ஸ்ப்ளின்ட்டை இரவில் சதையை நீட்டிவைக்கும் கருவியாகத்தான் மதிக்கிறேன். பகல் நடையை அது மாற்றும் என்று நம்பவில்லை.

ஆறாவது வயதில் அவன் கணுக்கால் செங்கோணத்துக்கே வரவில்லை. அப்போது இரண்டு வழிகள் இருந்தன. மாவுக்கட்டு மட்டும் போடுவது, அல்லது ஆடுசதையில் போடாக்ஸ் ஊசி போட்டுவிட்டுக் கட்டுப் போடுவது. ஊசி சதையைச் சில மாதங்கள் தளர்த்தும், விலையும் கூடுதல். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 47 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஸ்வீடன் ஆய்வு 2013-இல் வந்திருக்கிறது. ஊசியும் கட்டும் சேர்ந்து பெற்றவர்களுக்கு, கட்டு மட்டும் போட்டவர்களைவிட எந்த லாபமும் கிடைக்கவில்லை. டாக்டரும் அதையே சொன்னார். ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

கட்டு முழங்காலுக்குக் கீழே போடுவது. ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, கொஞ்சம் கூடுதலாக மடக்கி மறுபடி போடுவார்கள். எங்களுக்கு இரண்டு கட்டு, மொத்தம் நான்கு வாரம். இரண்டாவது நாளே கட்டோடு டக் டக்கென்று நடந்தான். குளிக்கவைப்பதுதான் பெரும்பாடு. பிளாஸ்டிக் பை சுற்றி, நாற்காலியில் உட்காரவைத்து, காலை வெளியே நீட்டச் சொல்லித் துடைத்துவிட்டேன். விரல்கள் வீங்குகிறதா, நீலம் பாரிக்கிறதா, கெட்ட வாடை வருகிறதா என்று காலையும் மாலையும் பார்க்க வேண்டும். அரிக்கிறது என்று பென்சிலை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். கோடை விடுமுறையில் போட்டது தப்பு, வியர்வையில் தவித்துப்போனான். மழைக்காலம் முடிந்து மார்கழி, தையில் போட்டிருக்கலாம். கட்டைக் கழற்றியபோது கால் மெலிந்து தோல் உரிந்து கிடந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன். ஒரு மாதத்தில் தேறிவிட்டது. முழங்காலை நீட்டி அளந்தால் எட்டு டிகிரி வந்தது.

ஆபரேஷன் கடைசி வழி. தசைநாரையோ மேல்சதையின் உறையையோ அறுத்து நீளமாக்குவது. வயது கூடி, சதை நன்றாக இறுகி, கட்டுக்கும் மசியாத பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் உந்தி நடக்கும் பலம் போய்விடும், அதைத் திருப்பிச் சரிசெய்வது கடினம். கட்டுக்கு நேர்மாறான கணக்கு இது. கட்டுப் போட்டுப் போதவில்லை என்றால் மறுபடி போடலாம். அதனால் கட்டுப் போட்டுப் பார்க்காமல் நேராக ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

இவற்றில் எதற்கும் உறுதியான ஆதாரம் குவிந்து கிடக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வில் தேறியவை நான்கே ஆய்வுகள், 104 பிள்ளைகள். அதனால்தான் இதுதான் சரி என்று ஒரே போடாகப் போடுபவரைவிட, அளவெடுத்துக் குறித்துவைத்து மூன்று மாதத்தில் வாருங்கள் என்று சொல்பவரை நான் நம்புகிறேன். தனியாரிடம் போக வசதியில்லாதவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி. மையத்தை, அதாவது பிள்ளைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையத்தைக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது. 18 வயது வரை உள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்குப் பணம் வாங்காமல் பார்ப்பார்கள்.

இப்போது அவனுக்கு எட்டு வயது. சாதாரணமாக நடக்கும்போது குதிகால் முதலில் விழுகிறது. கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால், பாயசம் வாசனை வந்தால், பழையபடி எக்கிவிடுவான். அதைக் கண்டுகொள்வதில்லை. இரவு ஸ்ப்ளின்ட்டும் தூங்குமுன் இழுத்துவிடுவதும் தொடர்கின்றன. பீரோ கதவின் உள்பக்கம் பென்சிலால் அளவுகளை எழுதிவைத்திருக்கிறோம்: எட்டு, ஆறு, ஒன்பது, ஒன்பது. ஆறு என்றிருப்பது அவன் மடமடவென்று உயரமாக வளர்ந்த வருடம், நான் சலித்துப்போய்ப் பயிற்சியை விட்ட வருடமும் அதுதான். அடுத்த அளவு ஜூனில், பள்ளி திறப்பதற்கு முன்.