பட்டறை மண்ணில் தங்கம்: ராஜதிராவகமா, பூஞ்சையா?

காரைக்குடி நகைப் பட்டறையில் கூட்டி அள்ளிய மண்ணில் அரத்தூள், அரக்கு, கரி, முடி எல்லாம் கலந்திருக்கும். தங்கமும்தான். அதைப் பிரித்தெடுக்க இரண்டு வழி: தங்கத்தைக் கரைக்கும் அமிலக் கலவையான ராஜதிராவகம், இல்லையென்றால் பூஞ்சை.

ராஜதிராவகத்துக்கு முன் மண்ணை நன்றாக வறுத்து அரக்கையும் கரியையும் எரிக்க வேண்டும். காந்தம் ஓட்டி இரும்பை எடுக்க வேண்டும். பிறகு நைட்ரிக் அமிலம் 1 பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 பங்கு கலந்து ஊற்ற வேண்டும். பழுப்புப் புகை நச்சு, ஆகவே வெட்டவெளியில்தான் வேலை. பெரும்பாலும் கெடுப்பது வெள்ளிதான்: வெள்ளி கூடினால் துகள் மேல் வெள்ளைக் குளோரைடு படிந்து அமிலம் உள்ளே போகாது. அடுத்தது, மிஞ்சிய நைட்ரிக்கை முறிக்காமல், கரைந்த தங்கத்தைப் படியவைக்கும் மெட்டாபைசல்பைட் உப்பைச் சேர்ப்பது. படிந்த தங்கம் திரும்பக் கரைந்துவிடும். சோதனைக்கு விடும் ஸ்டேனஸ் குளோரைடு சொட்டு ஊதாவானால் கரைசலில் இன்னும் தங்கம் இருக்கிறது.

பூஞ்சை வேறு ரகம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மேற்கு ஆஸ்திரேலியாவின் போடிங்டன் மண்ணில் கிடைத்த ஃப்யூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூஞ்சை, சூப்பர் ஆக்சைடு என்ற வேதிப்பொருளைச் சுரந்து தங்கத்தைக் கரைத்து, தன் இழைகளிலேயே நுண்துகளாகப் படியவைத்தது. தங்கம் பூசிய பூஞ்சை பூசாததைவிடப் பெரிதாகவும் வேகமாகவும் வளர்ந்தது. வாழையில் வாடல் நோய் கொண்டுவரும் அதே இனம்! ஆனால் அங்கே அதற்கு மதிப்பு, பூமிக்கடியில் தங்கம் இருக்கிறதா என்று துப்புக் கொடுப்பதில்தான். பட்டறை மண்ணில் உள்ள செம்பு பூஞ்சைக்கு விஷம். இழையில் படிவதும் சொற்பம்.

பட்டறைக்கு அமிலம்தான். அதுவும் புகையும் கழிவும் சமாளிக்க வழியிருந்தால்; இல்லையென்றால் மண்ணைச் சுத்திகரிப்பவரிடம் எடைக்குக் கொடுத்துவிடுங்கள்.