மோஸ் பெட்டி வாங்குபவர்கள் கவனத்துக்கு: 8ஆம் எண்ணில் டோபாஸ் இல்லை, குவார்ட்ஸ்

கடினத்தன்மை சோதிக்கக் கற்றுக்கொடுப்பதற்கென்று இணையத்தில் ஒன்பது கல் பெட்டி விற்கிறார்களே, வைரம் மட்டும் இல்லாத மோஸ் வரிசை (கடினத்தன்மைக்கு 1 முதல் 10 வரை எண் போட்ட வரிசை; 1 டால்க், 10 வைரம், மேல் எண் கல் கீழ் எண் கல்லைக் கீறும்), அதை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த பெட்டியில் மூன்று கல் பொய். டால்க், ஜிப்சம், கால்சைட், அபடைட், ஆர்த்தோகிளேஸ், குவார்ட்ஸ் ஆறும் சரி.

முதல் பொய் 4ஆம் எண். பச்சை ஃபுளோரைட் என்று ஒட்டியிருந்தது வார்ப்புக் கண்ணாடி. ஃபுளோரைட்டைப் பேனாக்கத்தியால் கீறினால் வெள்ளைப் பொடி உதிர்ந்து பள்ளம் விழும். இதில் கத்தி வழுக்கியது. 10 மடங்கு லென்ஸில் உருண்டைக் குமிழிகள். உடைந்த விளிம்பு சிப்பியின் உள்புறம் போல வளைந்திருந்தது. ஃபுளோரைட் நான்கு திசையில் தட்டையாகப் பிளக்கும், அப்படி வளையாது.

8ஆம் எண்தான் பெரிய மோசடி. நிறமற்ற தெளிந்த கல், 'டோபாஸ்' என்று சீட்டு. விற்றவரைக் கேட்டால், "கண்ணாடியில் கீறல் விழுதே சார், அசல்தான்" என்று பதில். கண்ணாடியின் கடினத்தன்மை சுமார் 5.5. அதைக் குவார்ட்ஸும் கீறும், ஆர்த்தோகிளேஸும் கீறும். கண்ணாடிக் கீறலைக் காட்டி டோபாஸ் என்று நிரூபிக்கிறவர் ஒன்று தெரியாமல் பேசுகிறார், அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இங்கே எடைதான் காட்டிக்கொடுக்கும். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு போதும். முதலில் கல்லை உலர்வாக எடை போடுங்கள். பிறகு தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, கல்லைத் தையல் நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல கல் எத்தனை மடங்கு கனம் என்ற எண். எங்கள் கல் 21.20 கிராம், தண்ணீரில் காட்டியது 8.00, வகுத்தால் 2.65, அச்சு அசல் குவார்ட்ஸ். டோபாஸாக இருந்தால் ஒப்படர்த்தி 3.5, தராசு 6 கிராமுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டினாலும், கல் அடியில் பட்டாலும் தராசு கூடுதலாகக் காட்டும், ஒப்படர்த்தி குறைந்து வரும். அசல் கல்லைக்கூடப் பொய் என்று சொல்லிவிடுவோம். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது.

இந்தத் தண்ணீர்க் கணக்கு 9ஆம் எண்ணில் கைவிட்டுவிடும். குருந்தம் என்று வந்தது கருஞ்சிவப்பு அல்மண்டைன், கார்னெட் கல்லில் ஒரு வகை. குருந்தத்தின் ஒப்படர்த்தி 4. அல்மண்டைனும் 4ஐ ஒட்டியோ சற்று மேலோதான் வரும். வடிவத்தைப் பாருங்கள்: குருந்தம் அறுகோண உருளையாக, நடுவில் பருத்துப் பீப்பாய் மாதிரி இருக்கும். வந்ததோ 12 சாய்சதுர முகங்கள் கொண்ட உருண்டை. சந்தேகம் தீர ஒரு நிஜ டோபாஸ் முனையால் கீறிப் பார்த்தோம். கீறல் விழுந்தது; குருந்தத்தில் விழாது.

கீறும்போது எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. கத்தியைவிடக் கல் கடினமென்றால், கத்தியின் உலோகமே கல்லில் கோடாக ஒட்டும், கீறல் மாதிரியே தெரியும். ஈர விரலால் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால்தான் கீறல். வெளிநாட்டுப் புத்தகங்களில் போட்டிருக்கும் செப்புக்காசு சோதனையை நம் ஒரு ரூபாயில் செய்யாதீர்கள், இப்போதையது துருப்பிடிக்காத எஃகு. வயரிங் கடையில் கிடைக்கும் தடித்த செம்புக் கம்பி, கடினத்தன்மை ஏறக்குறைய 3, அதைப் பயன்படுத்துங்கள்.

பணம் திரும்ப வரவில்லை. "கல்லைக் கீறிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார்கள். ஆகவே பெட்டி வந்ததும் சீட்டோடு சேர்த்து ஒவ்வொரு கல்லையும் படம் எடுங்கள். தழும்பு விடாத சோதனைகளை முதலில் செய்யுங்கள்: லென்ஸ், படிக வடிவம், தண்ணீரில் எடை. தராசின் எண் தெரியும்படி காணொளியும் எடுத்து, ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். கத்தியால் கீறுவதெல்லாம் அதற்கப்புறம்.