95 சதவீதம் கொடுத்த கோர்ஸும் 7/12 போட்ட நானும்

படிப்பை விட்டு நாலு வருஷம் கழித்துக் கல்லூரியில் சேர்ந்தவன் நான். சேர்ந்ததும் வைத்த கணக்குத் தேர்வில் தேறவில்லை, அதில் ஆச்சரியமும் இல்லை. முதல் பருவம் தொடங்குவதற்குள் அடிப்படையைப் பிடித்துவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு ரெமிடியல் கோர்ஸுக்கு, அதாவது விட்டுப்போன அடிப்படையை மீண்டும் சொல்லித்தரும் கோர்ஸுக்கு, பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். இதே அச்சில் வார்த்த கோர்ஸ்கள் நிறைய இருக்கின்றன.

எட்டு வாரம், தனி வழிகாட்டி, முடிவில் சான்றிதழ் என்றார்கள். உள்ளே போனால் வழிகாட்டி ஒரு சாட் பெட்டி. வீடியோ பார்க்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் போட வேண்டும், 80 சதவீதம் வந்தால் அடுத்த பாடம் திறக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம். இதைத்தான் பெரிய வசதி என்று நினைத்தேன்.

பின்னக் கூட்டல் பாடம். 1/2 + 1/3 எவ்வளவு? மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று போட்டேன். 'தவறு, மீண்டும் முயலவும்.' மூன்றாவது தடவை 'குறிப்பு' என்று ஒரு பட்டன் வந்தது. அழுத்தினால் விடையையே காட்டிவிட்டது: 5/6. ஓஹோ, கீழே உள்ள இரண்டையும் கூட்டி மேலே போடணும், பெருக்கிக் கீழே போடணும்! அடுத்தது 1/2 + 1/5. 7/10 போட்டேன், சரி. அந்தப் பாடத்தில் வந்த கேள்விகள் எல்லாவற்றிலும் மேலே 1தான், அதனால் என் வழி தப்பென்று தெரியவே இல்லை. 95 சதவீதம் வாங்கினேன்.

கல்லூரியில் சான்றிதழை நீட்டினால், இதற்கு கிரெடிட்டும் இல்லை, தேர்விலிருந்து விலக்கும் இல்லை என்றார்கள். மறுபடி எழுதினேன். 2/3 + 3/4 என்று ஒரு கேள்வி. என் வழியில் 7/12. தாளைப் பார்த்த பேராசிரியர், "2/3-ஐவிட 7/12 சின்னதாச்சேப்பா, கூட்டினா குறையுமா?" என்றார். எட்டு வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பாதிக்கு மேல் பார்த்துவிட்டால் ரீஃபண்ட் கிடையாதாம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் 2013-இல் உடாசிட்டி என்ற ஆன்லைன் கல்வி நிறுவனத்துடன் சேர்ந்து ஆன்லைனில் ரெமிடியல் கணக்கு நடத்தியது. தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஆண்டு ஜூலையிலேயே நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரி (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் கல்லூரி) மாணவர்கள் சுமார் 40,000 பேரின் பதிவுகளை அலசினார்கள். நேரடி வகுப்பைவிட ஆன்லைனில் எல்லோருக்குமே சறுக்கல்தான், ஏற்கெனவே மதிப்பெண் குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகம். அதாவது இந்தக் கோர்ஸ்கள் வலைவீசுவது எங்களைப் போன்றவர்களுக்கு, அதிகம் வழுக்கி விழுவதும் நாங்கள்தான்.

ஆன்லைனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கான் அகாடமி என்ற இணையதளத்தில் இதே பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. காசு கேட்கிறவர்களிடம், இது உங்கள் கல்லூரியில் செல்லுமா, உங்கள் தப்பை ஒரு மனிதர் பார்ப்பாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டெமோ தருகிற கோர்ஸ்களுக்கு இப்போது என் 7/12-ஐ அனுப்பிப் பார்க்கிறேன். இதுவரை இரண்டு. ஒன்றில் 'சரியான விடை 17/12' என்று உடனே வந்தது. இன்னொன்றில் மறுநாள் ஒருவர், "இதை எப்படிப் போட்டீங்க, படிப்படியா எழுதி அனுப்புங்க" என்று பதில் போட்டிருந்தார்.