சேவ் ஆகாமல் போன மீன்

கரண்ட் போனாலும் கணினியைக் கொஞ்ச நேரம் அணையாமல் வைத்திருக்கிற யூபிஎஸ்ஸுக்கு, போன வாரம் புது பட்டரி போட்டேன். பழையது ஒரு வருடத்துக்கு மேலாகச் செத்துக் கிடந்தது. கரண்ட் போனால் ஒரு தடவை கீச்சென்று கத்தும், அப்புறம் கணினியோடு சேர்ந்து அதுவும் அணைந்துவிடும். புது பட்டரியை மடியில் வைத்துக்கொண்டு திருகோணமலை டவுனிலிருந்து பாலையூற்றுக்கு ஓட்டோவில் வரும்போதுதான் கனடாவில் இருக்கும் என் பள்ளித் தோழியின் மெசேஜ் வந்தது. "கேம் சேல் முடியப் போகுதடி. இந்த வருசம் நீ விளையாடினதில நான் எதை வாங்க? ஒண்டே ஒண்டு சொல்லு."

ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். வீடு வந்து சேரும்வரை முடியவில்லை. 2025 முழுக்க நான் விளையாடிய கேம்கள் எல்லாவற்றையும் மடியில் இருந்த அந்தப் பட்டரியை வைத்துத்தான் அளந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

எனக்குக் கிடைப்பது இரவில் ஒரு மணி நேரம். பாமசியில் வேலை முடிந்து, சமைத்து, மகனுக்குப் பாடம் சொல்லி, அவன் ஒன்பதரைக்குத் தூங்கினால் அப்புறம் வருகிற ஒரு மணி நேரம். அதற்குள்ளும் அவன் எழும்பி "அம்மா" என்பான். என் அம்மாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். கரண்ட் போகும். ஆகவே ஒரு கேம் அழகாக இருக்கிறதா, கதை நன்றா என்பதெல்லாம் எனக்கு இரண்டாவது. நான் பாதியில் எழும்பிப் போனால் அதுவரை செய்ததை அது பத்திரமாக வைத்திருக்குமா? அதுதான் முதல் கேள்வி.

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மகன் மாமா வீட்டில். அதனால் பகலிலேயே ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேமைத் திறந்துவிட்டேன். இரண்டாம் வருட வசந்தம், மழைநாள். மீன்பிடித் திறன் பத்தாம் நிலைக்கு வந்துவிட்டது. விளையாடியவர்களுக்குத் தெரியும், லெஜெண்ட் என்ற மீன் வருவதற்கு இந்த மூன்றும் சேர வேண்டும். மலை ஏரியில், மூழ்கிக் கிடக்கும் மரத்துக்குப் பக்கத்தில் தூண்டிலைப் போட்டேன். கடித்தது. பச்சைப் பட்டைக்குள் அந்த மீனை நிறுத்துவது கஷ்டம். மேலே பாயும், கீழே விழும், நடுவில் ஒரு கணம் சும்மா நின்று ஏமாற்றும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஏறிவிட்டது. விற்றால் 5000 பொன் கிடைக்கும், ஆனால் விற்கிற எண்ணமே இல்லை. பண்ணைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்து, படுக்கையில் படுத்தால் போதும்.

மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தது. பகல் பதினொன்றரை மணி இருக்கும். முதலில் எங்கள் வீட்டில் மட்டும் என்று நினைத்தேன். பிறகு எங்கள் ஒழுங்கை முழுக்க என்றார்கள். பிறகு இலங்கை முழுக்க என்று செய்தி வந்தது. உபமின்நிலையம் ஒன்றில் குரங்கு போய்ப் பட்டதால் என்றார்கள்.

கணினியில் ஸ்டார்டியூவை நினைத்த நேரம் சேவ் செய்ய முடியாது. படுக்கையில் படுத்து நாளை முடித்தால்தான் சேவ் ஆகும். கேமில் ஒரு நாள் என்பது நமக்குப் பதினான்கு நிமிடம் போல. பதினான்கு நிமிடம்தானே என்று யாரும் சொல்லலாம். அந்தப் பதினான்கு நிமிடத்தில் இருந்தது ஒரு சேவில் ஒரு தடவை மட்டும் பிடிக்கக்கூடிய மீன். இருட்டிய பிறகு கரண்ட் வந்தது. அதே மழைநாளைக் காலையிலிருந்து திரும்ப விளையாடினேன். மீன் கடித்தது, நழுவியது. அப்புறம் நடுச்சாமம் வரை நின்றும் கடிக்கவே இல்லை. அந்த வசந்தத்தில் திரும்ப மழையும் பெய்யவில்லை. அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். நான் கேமை மூடினேன். எட்டு மாதம் திறக்கவில்லை.

அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் ட்ரெட்ஜ். நியூசிலாந்தில் ஒரு சின்னக் குழு செய்த கேம், 2023இல் வந்தது. இதுவும் மீன்பிடிதான். ஆனால் பகலில் மீன், இரவில் பயம். இருட்டில் மூடுபனி இறங்கும், மேலே ஒரு கண் சுழன்று சுழன்று உங்கள் கலக்கத்தைக் காட்டும், பகலில் இல்லாத பாறை முன்னால் முளைக்கும். பிடிக்கிற மீனைக் கட்டம் கட்டமான அறைக்குள் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். படகு மோதினால் சேதமான கட்டத்தில் இருந்த மீன் கடலோடு போய்விடும். இவ்வளவு பயமுறுத்துகிற கேம், நேரத்தில் மட்டும் அன்பாக நடந்துகொள்கிறது. படகு நகர்ந்தால்தான், மீன் பிடித்தால்தான் நேரம் ஓடும். நின்றால் நேரமும் நிற்கும். கரைக்கு வந்து படகைக் கட்டினால் தானாகவே சேவ் ஆகிவிடும்.

திருக்கடலூர் மாமா ஒருநாள் பின்னால் நின்று பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். கச்சான் காற்று அடிக்கிற காலம், வீட்டுக்குள் புழுதி. "என்ன பிள்ளை, இந்தப் போட்டுக்கு டீசலே வேண்டாமா?" என்றார். வேண்டாம் மாமா என்றேன். "பிடிச்ச மீன் பழுதாகுமா?" ஆகும் என்றேன். நேரம் போகப் போக மீன் பழசாகும், விலை இறங்கும். அதைக் கேட்டதும் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இருட்டுக்கு முன் கரைக்கு வருவதா, இன்னும் ஒரு இடம் பார்ப்பதா என்று நான் யோசித்தபோது, "காணும், திருப்பு" என்றார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. திருப்பினேன். நான் அறிந்தவரை, கடலில் போனவர்களின் மனக்கணக்கைத் தொட்ட கேம் இது ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. முடித்த பிறகு ஒருநாளும் திரும்பத் திறக்கவும் இல்லை.

நடுவில் வெண்பா. டொரொன்டோவில் செய்தது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியாகச் சொல்கிறது. ஒரே இரவில் முடிந்துவிடுவதால் சேவ் பற்றிய கவலையே இல்லை. புட்டு அவிக்கும் இடத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போடுவதைக் கவனமாகப் பார்த்தார். எங்கள் வீட்டில் நீத்துப்பெட்டிதான், சிவப்பரிசி மாதான். "இது இந்தியாப் பக்கம்" என்றார், ஆனால் முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார். கடைசிப் பகுதியில் நாங்கள் இருவரும் பேசவில்லை. தோழிக்கு இதைச் சொல்லியிருக்கலாம். அவள் அங்கே இரண்டு பிள்ளைகளோடு இருப்பவள், இதைத் தனியாக இருந்து விளையாடி அழ வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பாலாட்ரோ போனில் விளையாடியது, மின்வெட்டு நேரங்களில். 2024இல் ஒரே ஆள் செய்த சீட்டுக் கேம். போன் அணைந்தாலும் திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும், அதற்கு முழு மதிப்பெண். எங்கள் பெரியப்பா 304 என்ற சீட்டாட்டத்தில் பெரிய ஆள். அதில் ஜாக் ஒன்றுக்கு முப்பது புள்ளி, ராஜாவுக்கு மூன்றுதான். இதில் ஜாக்கும் ராஜாவும் ஒரே பத்து என்று காட்டியதும் போனைத் திருப்பித் தந்துவிட்டார். எனக்கு முதல் மாதம் பைத்தியமாக இருந்தது. பிறகு, எண்கள் ஏறுவதைப் பார்ப்பதைத் தவிர எதுவும் மனதில் தங்கவில்லை.

செப்டம்பர் 4ஆம் தேதி சில்க்சோங் என்ற சண்டை கேம் வந்தது. அன்று கேம் விற்கிற ஸ்டீம் இணையக் கடையே திணறியது, வாங்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. அவுஸ்திரேலியாவில் மூன்று நான்கு பேர் ஏழு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்த வேலை. அந்த இசைக்கும் அந்த ஓவியத்துக்கும் 20 டொலர் என்பது குறைந்த விலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் தரிப்பிடம் பெஞ்ச் ஒன்றுதான். இறந்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து திரும்ப ஓட வேண்டும். சேர்த்த மணிகள், அதுதான் அங்கே காசு, இறந்த இடத்தில் கிடக்கும், அங்கே போய்ச் சேருமுன் இன்னொரு தடவை இறந்தால் அவையும் போச்சு. இதெல்லாம் இந்த வகைக் கேம்களில் உள்ளதுதான், தெரிந்தே வாங்கினேன். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது, சில பெஞ்சுகளில் உட்காரவே மணி கொடுக்க வேண்டும் என்பது. பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிற ஒருத்தியிடம், உட்காருவதற்குக் காசு கேட்கிறது! என் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் பெஞ்சிலிருந்து அதே எதிரியிடம் ஓடுவதிலேயே போயிற்று. வந்த கிழமைகளிலேயே தொடக்கத்து எதிரிகள் இருவரைக் கொஞ்சம் இலகுவாக்கினார்கள், அதையும் சொல்ல வேண்டும். எனக்கு அதற்குள் கை சலித்துவிட்டது. நேரம் நிறைய உள்ளவர்கள் இதைக் கொண்டாடுவார்கள், கொண்டாடவும் வேண்டும்.

ஒக்டோபரில் ஒரு இரவு, வேறு எதையும் திறக்க மனமில்லாமல் ஸ்டார்டியூவைத் திறந்தேன்.

கோடைக் கரையில் நடந்துபோய்த் தூண்டில் போட்டேன். முதலில் ஏறியது பேத்தை. டச்பே கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்ததும் மணலில் வீசிவிட்டுப் போவார்களே, அதே பேத்தை. இங்கே யாரும் சீண்டாத மீன். கேமிலோ அதை ஒரு தொகுப்புக்கு வேண்டும் என்று கேட்கிறார்கள், கோடைப் பகலில் வெயில் இருந்தால் மட்டும் வரும். மகன் பக்கத்தில் இருந்து கைதட்டினான். பனிக்காலம் வந்தபோது இரவில் கணவாய் ஏறத் தொடங்கியது. இருட்டிய பிறகு கணவாய் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அமெரிக்காவில் இருந்து தனி ஒருவர், எரிக் பரோன், நான்கு வருடத்துக்கு மேல் படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து 2016இல் வெளியிட்ட கேமில் எனக்குத் தெரிந்த கடல் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பெரிய மாற்றங்களை எல்லாம், 2024 மார்ச்சில் வந்த 1.6 வரை, காசு வாங்காமல் கொடுத்திருக்கிறார்.

சரி, அந்தச் சேவ் விஷயத்துக்கு வருகிறேன். நியாயமாகப் பார்த்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரவு படுத்ததும் அன்றைக்கு விற்றதெல்லாம் வரிசையாக வரும்: விவசாயம் இவ்வளவு, மீன் இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. அப்பா உயிரோடு இருந்தபோது கடையை மூடிவிட்டு வந்து, சாப்பிட முன், அன்றைய கணக்கைக் கொப்பியில் எழுதுவார். எழுதி முடித்தால்தான் அவருக்கு நாள் முடியும். நடுவில் எங்கும் சேவ் செய்யலாம் என்று இருந்தால் அந்தத் திரைக்கு இந்தக் கனம் இருந்திருக்காது, மீன் நழுவியதும் பழைய சேவைத் திறந்து திரும்பத் திரும்பப் பிடித்திருப்பேன், லெஜெண்டுக்கு மதிப்பே இருந்திருக்காது. இதெல்லாம் எனக்கு விளங்குகிறது.

விளங்கினாலும் கோபம் போகவில்லை. கேமை விட்டு வெளியேறும்போது மட்டும் ஒரு தற்காலிகச் சேவ், திரும்பத் திறந்ததும் அழிந்துபோகிற மாதிரி. எத்தனையோ கேம்களில் இருக்கிறது. கரண்ட் போகும்போது அது உதவாது என்பதும் தெரியும். அப்படியானால் கேமில் ஒவ்வொரு நண்பகலுக்கும் தானாக ஒரு பிரதி எடுத்து வைக்கட்டும். மகன் கூப்பிட்டால் மெனுவைத் திறந்து நேரத்தை நிறுத்த முடிகிறது, அந்தக் கரிசனம் இருக்கிறது. கரண்ட் போகிற ஊர்களில் இருப்பவர்களைப் பற்றிய நினைப்பு மட்டும் இல்லை. எங்கும் சேவ் செய்ய மொட், அதாவது விளையாடுபவர்களே செய்து போடுகிற மாற்றம், இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். தெரியும். புதிய பதிப்பு வரும்போது மொட் உடைந்தால் என் இரண்டு வருடப் பண்ணை என்ன ஆகும் என்ற பயத்தில் போடவில்லை.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. அந்த நாட்களில் கேம் என்ற நினைப்பே இல்லை. போனில் இருந்த சார்ஜ் முழுவதும் மூதூரில் இருக்கும் சொந்தங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கத்தான். எல்லாரும் பத்திரம் என்று தெரிந்து, கரண்ட் வந்து, வீட்டைத் துடைத்து முடித்து, கிழமை ஒன்று கழிந்த பிறகு மகன்தான் கேட்டான், "அம்மா, உங்கட கோழிகளுக்குச் சாப்பாடு போட்டீங்களா?" என்று. ட்ரெட்ஜைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் நினைத்ததில்லை. ஆனால் மழைக்குள் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்த அந்த இரவுகளில், ஒரு கணம், அந்தக் கோழிகளை நினைத்தேன்.

தோழிக்கு என்ன சொல்வது? என் அளவுகோலின்படி ட்ரெட்ஜ்தான். விலை குறைவு, நீளம் அளவு, நேரத்துக்கு மரியாதை கொடுக்கிறது, பாதியில் எழும்பினால் எதுவும் போகாது. இரவு ஷிஃப்ட் செய்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் பார்க்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். எழுதி, அழித்து, "ஸ்டார்டியூ வாங்கு. படுத்த பிறகுதான் எழும்பு" என்று அனுப்பினேன். "உன்ர மீனைக் கொண்டுபோன கேமா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இப்போது என் பண்ணையில் பனிக்காலம் 28ஆம் நாள். வெளியே உண்மையான மாரி மழை, ஓட்டில் அடித்துக்கொண்டிருக்கிறது. சற்று முன் விளக்கு ஒரு தடவை மங்கியது. மேசைக்குக் கீழே யூபிஎஸ் ஒரு முறை கத்தியது, திரை அணையவில்லை. என் பண்ணைக்காரியைப் படுக்கையில் படுக்க வைத்து, கணக்கு வந்து, சேவ் ஆன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இன்னும் ஒரு நாள் போனால் வசந்தம். ஏரிக்குப் போக நல்ல தூண்டில் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், மழை மட்டும் பெய்ய வேண்டும்.